சேதுக் கரையில் தகலோகு

இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்குப் போகும் சாலையில், இருமருங்கும் பனையும் சீமைக் கருவேலமுமாகக் காய்ந்து கிடக்கும் பூமியைப் பார்த்துக்கொண்டே பிரயாணம் செய்கிறவர்களுக்கு, வானத்தை நம்பி வாழ முடியாத இந்நாட்டு ஜனங்கள் கடலை நம்பிப் புறப்பட்டது ஏன் என்று வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சங்கும் முத்தும் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு மரக்கலங்களில் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் போய்வந்த மரக்காயர்களின் பேரன்மார் இன்று விமானமேறித் துபாய்க்கும் தோஹாவுக்கும் ஜித்தாவுக்கும் போகிறார்கள். சிலர் சரக்குக் கப்பல்களிலும் எண்ணெய்க் கப்பல்களிலும் அமர்ந்து உலகத்தின் துறைமுகங்களையெல்லாம் சுற்றி வருகிறார்கள். எங்கே போனாலும் அவர்களோடு ஒரே மேஜையில் உண்டு அடுத்த கட்டிலில் படுப்பவர்களில் பிலிப்பைன்ஸ் தேசத்தவர் ஒருவராவது இருப்பார். உலகத்துக் கப்பல்களுக்கு மாலுமிகளை மிகுதியாக அனுப்பும் தேசங்களின் வரிசையில் பிலிப்பைன்ஸும் இந்தியாவும் முன்னணியில் நிற்பவை. வளைகுடா நாடுகளின் மருத்துவமனைகளிலும் ஹோட்டல்களிலும் கடைகளிலும் இவ்விரு தேசத்தாரும் சேர்ந்தே உழைக்கிறார்கள். ஆகவே, கீழக்கரைத் தேநீர்க் கடையொன்றில், காசை வாங்கிப் போட்டுக்கொண்ட கடைக்காரரிடம் ஒருவர் விளையாட்டாக 'சலாமத் போ' என்று சொல்லக் கேட்டபோது எனக்கு ஆச்சரியத்தைவிட ஆவலே மிகுந்தது.

அவ்வாறு சொன்னவர் கப்பல்களில் நெடுங்காலம் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுக் கொடுத்ததும் வீட்டுக்கு அழைத்துப் போய், எண்ணெய்க் கறையும் உப்புக் காற்றும் சேர்ந்து பழுப்பேற்றிய ஒரு டைரியை எடுத்துக் காட்டினார். அதில் இடப்பக்கத்தில் தகலோகு என்ற பிலிப்பைன்ஸ் மொழியின் வார்த்தைகள், வலப்பக்கத்தில் இங்கிலீஷ். இரண்டுமே தமிழ் எழுத்தில். 'மகாந்தாங் உமாகா போ' என்பதற்கு நேரே 'குட் மார்னிங் சார்', 'இங்ஙாத்' என்பதற்கு நேரே 'டேக் கேர்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். 'சலாமத்' என்ற நன்றிச் சொல் அரபியில் பிறந்து மலாய் வழியாக அத்தீவுகளுக்குப் போனது. அதனால் கீழக்கரைக்காரருக்கு அது அந்நியமாகப் படவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பழகிய ஊரல்லவா இது! தகலோகைத் தமிழ் எழுத்தில் எழுதுவது அவ்வூராருக்குப் பெரிய காரியமாகத் தோன்றியிராது. 'இப்போது' என்ற பொருளுள்ள சொல்லை அவர் 'ஙாயோன்' என்றும், புன்னகையை 'ஙித்தி' என்றும், பல்லை 'ஙிப்பின்' என்றும் எழுதியிருந்ததைக் கண்டேன். பாலர் வகுப்பில் ங, ஙா, ஙி என்று நெட்டுருப் பண்ணிவிட்டு, பிறகு ஆயுள் பரியந்தம் ஒரு சொல்லின் முதலில் வைத்து எழுத நேராத அவ்வரிசை முழுவதும் அந்த டைரியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்தைக் கொண்டு அச்சொற்களைப் படித்த வெள்ளைக்கார அதிகாரிகள் திணறினார்கள் என்று சொல்லி அவர் சிரித்தார்.

சமையற்காரர் ஆகையால் அவருடைய வியாகரணம் சோற்றிலிருந்து தொடங்கியது. "நாம நெல்லு, அரிசி, சோறுன்னு மூணாப் பிரிச்சுச் சொல்றோம்ல சார்? அவனும் பாலாய், பிகாஸ், கானின்னு மூணாத்தான் சொல்லுவான். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாம் ஒரே ரைஸ்தான். ஸ்டோர்ல ரைஸ் தீந்துபோச்சுன்னு நான் சொன்னா, அடுப்புல இருக்கிறது தீந்துபோச்சுன்னு கேப்டன் நினைச்சுக்குவாரு" என்றார். பிலிப்பைன்ஸ்காரன் சாப்பிட உட்காரும்போது அவ்வழியே யார் போனாலும் 'காயின் தாயோ' என்று அழைக்காமல் வாயில் கவளம் வைக்கமாட்டானாம். "நம்ம ஊர்ல 'வாங்க, சாப்பிடலாம்'னு சொல்றோம் பாருங்க, அதே பேச்சு. சொல்லலேன்னா மனசு கேக்காது."

அந்தத் 'தாயோ'வில்தான் விசேஷம் இருக்கிறது. பேசுகிறவனோடு கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை அது, நம்முடைய 'நாம்'. கேட்கிறவனை விலக்கிவிட்டுத் தங்களை மட்டும் குறிக்கவேண்டுமானால் அவர்கள் 'காமி' என்பார்கள். அது நம்முடைய 'நாங்கள்'. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணக்காரர் பெயரிட்டு வைத்திருக்கும் இந்த நுட்பம், பசிபிக் சமுத்திரத்தின் ஓரத்தில் வேறொரு குலத்து மொழியில், நம்மோடு யாதொரு உறவும் இல்லாமலே அமைந்திருக்க, உலகத்தையெல்லாம் ஆண்டுவந்த இங்கிலீஷுக்கு 'வீ' என்ற ஒன்றே கதியாயிற்று. 'வீ ஆர் கோயிங் அஷோர்' என்று மேலதிகாரி சொல்லும்போது, கரைக்குப் போகிற கூட்டத்தில் தாமும் உண்டா இல்லையா என்று தமிழனும் பிலிப்பைன்ஸ்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். மரியாதை விஷயத்திலும் இவ்வொற்றுமை காணப்படுகிறது. பெரியவர்களிடம் பேசினால் 'போ' என்ற சிறு சொல்லை இடையிடையே தூவாமல் அவர்கள் வாக்கியத்தை முடிப்பதில்லை. ஒருமையில் அழைக்கத் தகாதவரைக் 'காயோ' என்று பன்மையில் அழைக்கிறார்கள். தம்மில் மூத்தவனைச் சீனத்திலிருந்து வந்த 'கூயா' என்ற அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இந்தப் பெரியவரைக் கப்பலில் இளைய மாலுமிகள் சிலர் 'கூயா' என்றும் சிலர் 'காக்கா' என்றும் அழைத்தார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

இத்தனை ஒற்றுமையைக் கண்டு, தமிழும் தகலோகும் ஒன்றுக்கொன்று தாயாதி என்று யாராவது புஸ்தகம் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தினால், வேற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். நாம் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறோம். இங்கிலீஷ்காரர் நடுவில் வைக்கிறார். தகலோகு பேசுகிறவரோ எடுத்த எடுப்பிலேயே வினையைச் சொல்லிவிடுகிறார். 'குழந்தை மாங்காய் தின்றது' என்பதை அவர்கள் 'குமாயின் அங் பாத்தா நங் மங்கா' என்பார்கள். நம் மாங்காய் மலாய் வழியாகப் போய் அவர்களிடம் 'மங்கா' ஆகி, அந்த வாக்கியத்தின் கோடியில் உட்கார்ந்திருக்கிறது. 'காயின்' என்பது பகுதி; உண்ணல் என்று பொருள். நம் மொழியில் பகுதிக்குப் பின்னே இடைநிலையும் சாரியையும் விகுதியும் வரிசையாக வந்து ஒட்டும். அவர்களிடமோ இடைநிலை பகுதியின் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து 'க்-உம்-ஆயின்' என்று நிற்கிறது. அதே இடத்தில் 'இன்' நுழைந்தால் 'கினாயின் நங் பாத்தா அங் மங்கா' என்றாகிவிடும். அப்போது பேச்சின் நோக்கு குழந்தையை விட்டு மாங்காயின்மேல் போய்விடுகிறது. எதைப் பற்றிப் பேச்சோ அதன் தலையில் 'அங்' என்று ஒரு சொல்லை வைத்து அடையாளம் காட்டுகிறார்கள். செய்வினை, செயப்பாட்டுவினை என்ற இரண்டே அறையுள்ள வீட்டில் வளர்ந்த நமக்கு இது சற்றுத் தலை சுற்றத்தான் செய்யும். டைரிக்குரியவரும், முப்பது ஆண்டு பழகினாலும் இது வசப்படாது என்று ஒப்புக்கொண்டார்.

இவ்விரு சாராரும் இங்கிலீஷிடம் வரும்போது ஒரே இடத்தில் இடறுவதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. 'அவர் ஆசிரியர்' என்று நாம் வினையே இல்லாமல் வாக்கியத்தை முடிப்பதுபோல, அவர்களும் 'குரோ சியா' என்று, குரு என்ற வடசொல்லையும் ஒரு பெயரையும் வைத்து முடித்துவிடுவார்கள். 'இஸ்' என்ற சொல்லுக்கு இரு மொழியிலும் இடமில்லை. ஃபகர ஓசை இருவர்க்கும் பிறவியில் இல்லாதது. 'ஃபேன்' இருவர் வாயிலும் 'பேன்'தான். 'சியா' என்பது ஆண், பெண் இருபாலையும் குறிக்குமாதலால், நாம் அவன், அவள் என்று பிரிப்பதுபோல இங்கிலீஷ் 'ஹீ', 'ஷீ' என்று பிரித்துவைத்திருப்பது அவர்களுக்குச் சிக்கலாகத் தோன்றுகிறது. "என் சம்சாரத்தப் பத்தி விசாரிக்கையில 'ஹவ் இஸ் ஹீ'ம்பான், நானும் 'ஹீ இஸ் ஃபைன்'னு சொல்லிருவேன்" என்றார் பெரியவர்.

இந்தப் பாங்கான இங்கிலீஷைக் கொண்டு நடுக்கடலில் எப்படிக் காரியம் நடக்கும் என்று நான் கேட்டதற்கு, அதற்கென்று தனியாக ஒரு இங்கிலீஷ் இருக்கிறது என்று சொன்னார். உண்மைதான். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட கப்பல் தொடர்புச் சொற்றொடர்த் தொகுதியில், ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு சொற்றொடர்தான் உண்டு. ஒரு பொருளுக்கு இரண்டு சொல் கூடாது. சொற்களைச் சுருக்கிப் பேசுவதும் கூடாது. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், கேட்ட கேள்வியின் வாசகத்தை முழுமையாகத் திருப்பிச் சொல்லவேண்டும். நூற்றைம்பது என்பதை 'ஒன், ஃபைவ், ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லவேண்டும். 'மே ஐ என்டர் த ஃபேர்வே' என்று கேட்பது தள்ளப்பட்டது. ஏனெனில் 'மே' என்பது அனுமதி கேட்பதா, சாத்தியத்தைச் சொல்வதா என்பது தெளிவில்லை. அதற்குப் பதில், முதலில் 'கொஸ்சன்' என்று அறிவித்துவிட்டு, 'டூ ஐ ஹேவ் பெர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே' என்று கேட்கவேண்டும். எச்சரிக்கையா, வேண்டுகோளா, தகவலா, கட்டளையா என்பதை வாக்கியத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிற இந்த ஏற்பாடு, எழுவாய் எது பயனிலை எது என்று தேடி வாடும் மாணாக்கர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் என்றதும், முந்தின நாள் இராமநாதபுரத்தில் பார்த்த ஸ்வார்ட்ஸ் பள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். அப்துல் கலாம் படித்த பள்ளி என்றே இக்காலத்தவர் அதை அறிவார்கள். தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் என்பவரின் யோசனைப்படி, தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஸ்வார்ட்ஸ் பாதிரியார் முயன்று நிறுவியவற்றுள் அது ஒன்று, ஆண்டு 1785. மெக்காலே பிரபு இந்தியாவில் காலெடுத்து வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே மறவர் சீமையில் இங்கிலீஷ் வாக்கியம் ஒப்புவிக்கப்பட்டது. துபாஷிகளின் இடையீடு இல்லாமல் கம்பெனியாரும் ஜனங்களும் பேசிக்கொள்ளவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பிலிப்பைன்ஸுக்கோ இங்கிலீஷ் மிகத் தாமதமாக வந்து, 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் வந்திறங்கிய அமெரிக்க உபாத்தியாயர்கள் மூலமாக வெகுவேகமாகப் பரவியது. அதனால்தான் அவர்கள் இங்கிலீஷில் அமெரிக்க வாடை வீசும், கழிப்பறையை 'கம்ஃபர்ட் ரூம்' என்பதன் சுருக்கமாக 'சி.ஆர்.' என்பார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பும் நம்மவர் சிலரும் அதைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கீழக்கரையிலிருந்து கிழக்கே கடலையொட்டிப் போனால், மண்டபத்துக்கு இப்பால் வேதாளை என்ற சிற்றூர் வருகிறது. தென்னையும் மணலுமாக இருக்கும் இவ்வூரைப் பெரும்பாலோர் நிறுத்தாமல் கடந்துவிடுகிறார்கள். அயல்மொழி கற்கும் கதையில் இதற்குப் பெரிய ஸ்தானம் உண்டு என்பது என் அபிப்பிராயம். 1542இல் முத்துக்குளிக்கும் கரைக்கு வந்த சவேரியார், செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியோடு கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொண்டு போனார். மொழி அவருக்கு வசமாகவில்லை. 1545இல் அவர் மலாக்காவுக்குப் போனபோதும் அங்குள்ள மலாய் மொழியை இதே முறையில்தான் கையாண்டார். அவருக்குப் பின் வந்த அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலிய பாதிரியார் 1549இல் இந்த வேதாளையில் வடுகர் படையினரால் கொல்லப்பட, அவர் பொறுப்பை ஏற்றவர் அண்ட்ரிக் அடிகள் என்று நம்மவர் அழைக்கும் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். இவர் வாசகங்களை நெட்டுருப் போடுவதோடு நில்லாமல், தமிழ்ப் பெயர்களின் வேற்றுமைகளையும் வினைகளின் காலங்களையும் லத்தீன் வியாகரணத்தின் அச்சில் வார்த்து எழுதி வைத்தார். ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அதுவே. 2013இல் ஜீன் ஹெய்ன் அம்மையாரும் நம் வி. எஸ். ராஜம் அவர்களும் சேர்ந்து அதை இங்கிலீஷில் வெளியிட்டிருக்கிறார்கள். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் கைவண்ணம்.

கீழ்த்திசையிலும் இதேபோல் நடந்தது. 1593இல் மணிலாவில் முதல் தகலோகு நூல் அச்சேறியது. 1610இல் பிளாங்காஸ் பாதிரியார் தகலோகுக்கு இலக்கணம் வெளியிட்டார். அதை அச்சிட்டவர் தோமாஸ் பின்பின் என்ற தகலோகர். பாதிரியார் நம் மொழியைக் கற்கப் புஸ்தகம் செய்கிறாரே, நாம் அவர் மொழியைக் கற்க எங்கே புஸ்தகம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதே ஆண்டில், தம் ஜனங்கள் ஸ்பானிஷ் கற்பதற்கென்று தகலோகிலேயே ஒரு நூலை, இடையிடையே இருமொழிப் பாட்டுகளோடு எழுதி வெளியிட்டார். அந்நியர் நம் மொழியை ஆராய்ந்ததைப் போற்றிப் பேசும் நாம், பின்பின் போன்ற ஒருவர் இந்தக் கரையில் அக்காலத்தில் தோன்றினாரா என்று விசாரிக்கவும் கடமைப்பட்டவர்கள். இன்னொரு செய்தியும் உண்டு. தகலோகின் பழைய எழுத்து, நம் எழுத்தைப்போலவே பிராமியின் வழிவந்தது; ஆனால் மெய்யெழுத்தைக் காட்ட அதில் குறியே இல்லை. அந்நாட்டின் மற்றொரு மொழியான இலோக்கானோவில் 1621இல் அச்சான நூலில், லோப்பஸ் என்ற பாதிரியார், உயிரைக் களைவதற்குச் சிலுவை வடிவில் ஒரு குறியைச் சேர்த்துப் பார்த்தார். அந்நாட்டு மக்கள் அதை ஏற்கவில்லை. தொல்காப்பியர் காலத்துப் புள்ளியை ஏட்டில் எழுதும்போது விட்டுவிட்டே வாசித்துவந்த நம் முன்னோர், அந்த மக்களின் பிடிவாதத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

மண்டபத்துக் கடலில் மூங்கில் மிதவைகள் வரிசையாக அசைந்துகொண்டிருந்தன. அவற்றில் கட்டிய கயிறுகளில் வளர்வது, பிலிப்பைன்ஸிலிருந்து ஜப்பான் வழியாக வந்து சேர்ந்த ஒரு பாசி. அத்தேசத்து விசென்டே அல்வாரெஸ் என்பவரின் பெயரால் விஞ்ஞானிகள் அதற்குக் காப்பாஃபைகஸ் அல்வாரெசி என்று பெயரிட்டிருக்கிறார்கள். இங்குள்ள பெண்களோ, பெப்சி கம்பெனி இத்தொழிலில் ஈடுபட்டிருந்த நாள்தொட்டுப் 'பெப்சிப் பாசி' என்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்துவந்தவர்களுக்கு, 45 நாளில் அறுவடையாகும் இந்தப் புதுப் பயிர் ஒரு வருமானம். அதே சமயம், மிதவையிலிருந்து தப்பி குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் அது படர்ந்துவிட்டது என்று 2008இல் ஆராய்ச்சியாளர் எழுதியதையும் மறப்பதற்கில்லை. "அது வந்த ஊர்ல அதை என்னான்னு சொல்லுவாகளாம்?" என்று ஓர் அம்மாள் கேட்டார். விசயத் தீவுகளில் 'குசோ' என்பார்கள் என்று சொன்னேன். "நல்லாருக்கு. பெப்சிங்கிறதவிட வாயில நுழையுது" என்றார்.

பாம்பனைக் கடக்கும்போது, ஒருபுறம் பெண்கடல் என்றும் மறுபுறம் ஆண்கடல் என்றும் ஊரார் பெயரிட்டிருக்கும் இரு கடல்களும் தெரிந்தன. 1914இன் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் அருகருகே நின்றன. இராமேசுவரம் கோயிலைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். நான் பேருந்து நிலையத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே, கப்பல் வேலைக்குப் பயிற்சி முடித்து, சி.டி.சி. என்ற மாலுமிச் சான்றுப் புஸ்தகமும் கையுமாக மும்பைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மீனவ இளைஞன் ஒருவன், என் கையிலிருந்த இங்கிலீஷ் பத்திரிகையைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்டர்வியூல எந்த ஊருன்னு கேட்டா, 'ஐ ஆம் கம் ஃப்ரம் ராமேஸ்வரம்'னு சொன்னாச் சரிதானே சார்?"

தமிழில் 'ஆம்' இல்லை, இங்கிலீஷில் உண்டு என்று யாரோ கண்டித்துச் சொல்லிவைத்ததனால், எதற்கும் இருக்கட்டும் என்று அவன் அதை எல்லா வாக்கியத்திலும் வைத்துவிடுகிறான் என்பது தெரிந்தது. 'ஐ ஆம் ஃப்ரம் ராமேஸ்வரம்' என்று சொல்லலாம், 'ஐ கம் ஃப்ரம் ராமேஸ்வரம்' என்றும் சொல்லலாம், அந்த இடத்தில் இரண்டு வினையும் சேர்ந்து உட்காராது என்றேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, முதலாவதை வைத்துக்கொண்டான். போகிற கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்களே அதிகம் என்றும், அவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்றும் கேட்டான். 'தகா-ராமேஸ்வரம் அக்கோ' என்று சொல்லிக்கொடுத்தேன். 'அக்கோ' என்றால் நான், ஊர்ப்பெயருக்கு முன்னே 'தகா' சேர்த்தால் அந்த ஊர்க்காரன் என்று பொருள், வினை கிடையாது.

"அப்ப 'நான் ராமேஸ்வரத்துக்காரன்'னு நம்ம சொல்ற மாதிரியே இருக்கே சார்! இதுக்குப் போயி அவனும் 'ஆம்' போட்டுக் கஷ்டப்படுவானா?" என்றான். படுவான் என்று சொன்னதும் அவனுக்கு உண்டான திருப்திக்கு அளவில்லை. அடுத்து அவன் விசாரித்தது சம்பளத்தைப் பற்றி.